குபிட்சா கதையில் காணாமல் போன தடுப்பு

2019-இல் ராபர்ட் குபிட்சா மறுபடியும் ஃபார்முலா ஒன் காரில் ஏறியபோது இங்கே ஒரு பதிவு எழுதியிருந்தேன். எட்டு வருட வலி, மன உறுதி, மீண்டு வருதல் என்று உணர்ச்சிவசப்பட்டு எழுதிய பதிவு. விபத்தைப் பற்றி அதில் ஒரே ஒரு வரிதான்: "கெட்ட நேரம், சாலையோரத் தடுப்பு காருக்குள் புகுந்துவிட்டது."

பாலம் கட்டும் வேலையில் இருக்கிற நண்பர் ஒருவர் அதைப் படித்துவிட்டு போன் பண்ணினார். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "எல்லாம் சரிங்க, அந்தத் தடுப்பு ஏன் வளையல? வளையறதுக்குத்தானே அதை வைக்கிறாங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கேள்வி என்னை விடவும் இல்லை. அன்றிலிருந்து அவ்வப்போது எடுத்து வைத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. என் பழைய பதிவின் மேல் நானே வைக்கும் விமர்சனம் என்றும் சொல்லலாம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2011 பிப்ரவரி 3, ஸ்பெயினின் வலென்சியாவில் நடந்த ஃபார்முலா ஒன் சோதனை ஓட்டத்தின் கடைசி நாள். அன்றைக்கு மிக வேகமான நேரம் குபிட்சாவுடையது. மூன்று நாள் கழித்து, ஞாயிறு காலை, இத்தாலியின் லிகூரியா கடற்கரையை ஒட்டிய மலைச்சாலையில், ரோண்டே டி அண்டோரா என்ற சின்ன ராலியில் ஸ்கோடா ஃபேபியா ஓட்டிக்கொண்டிருந்தார். (பெயரைப் பார்த்து பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில் இருக்கிற குட்டி நாடு என்று நினைக்க வேண்டாம், இது இத்தாலியில் ஒரு ஊர்.) கார் சாலையை விட்டு விலகி மோதியது. சாலையோரத் தடுப்பின் நீளத் தகடு காரின் முன்பக்கம் வழியாக உள்ளே நுழைந்தது. குபிட்சாவின் வலது முன்கை ஏறக்குறையத் துண்டானது. தோள், முழங்கை, கால் எலும்புகள் உடைந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோ-டிரைவர் யாகுப் கெர்பெருக்குப் பெரிய காயம் ஒன்றும் இல்லை. குபிட்சாவைக் காரிலிருந்து வெளியே எடுக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பியெத்ரா லிகூரே மருத்துவமனையில் ஏழு மணி நேர அறுவை சிகிச்சை.

இந்த விபத்தைப் பற்றி எழுதப்பட்டதில் கணிசமான பகுதியைத் தேடிப் படித்திருக்கிறேன். பெரும்பாலும் மூன்று கதைகளில் ஏதோ ஒன்றுதான் திரும்பத் திரும்ப வருகிறது.

முதல் கதை, "இவன் ஏன் அங்கே போனான்?" கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிற ஃபார்முலா ஒன் ஓட்டுநருக்கு உள்ளூர் ராலியில் என்ன வேலை என்பது. முன்பு அவர் ஓட்டிய பி.எம்.டபிள்யூ அணி ராலிக்கு அனுமதி தரவில்லை, ரெனோ அணி தந்தது. ஆகவே ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருக்கலாமா என்று பக்கம் பக்கமாக விவாதித்தார்கள். இரண்டாவது கதை, "விதி." கோடியில் ஒன்றாக நடக்கிற விபத்து, யாரால் என்ன செய்திருக்க முடியும் என்பது. மூன்றாவது, நான் எழுதிய கதை: "மீண்டு வந்தார்." 2013-இல் டபிள்யூ.ஆர்.சி.-2 பட்டம், 2019-இல் வில்லியம்ஸ் அணி, அந்த வருடம் ஜெர்மனியில் பத்தாம் இடம், அந்த அணிக்கு அந்த வருடத்தின் ஒரே புள்ளி. உண்மையிலேயே பெரிய விஷயம்தான், குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று ஓட்டுநரின் ஆசையைப் பேசுகிறது, ஒன்று கடவுளைப் பேசுகிறது, ஒன்று ஓட்டுநரின் மனதைப் பேசுகிறது. காரைப் பிளந்த அந்த இரும்பைப் பற்றி எதிலும் ஒரு வார்த்தை இல்லை. மழை மாதிரி, மலை மாதிரி, அது பாட்டுக்கு அங்கே இருந்தது என்கிற தொனி. ஆனால் தடுப்பு தானாக முளைப்பதில்லையே. யாரோ வரைந்து, யாரோ சோதித்து, யாரோ நட்டு வைத்த பொருள் அது.

முதல் இரண்டு கதைகளும் தவறு என்பதற்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். குபிட்சா விபத்துக்குப் பதினாறு மாதம் கழித்து, 2012 ஜூன் 16, அதே இத்தாலியின் சிசிலித் தீவில், டார்கா ஃப்ளோரியோ ராலி. அயர்லாந்துக்காரர் கிரெய்க் பிரீன் ஓட்டிய பெஜோ 207 சாலையோரத் தடுப்பில் மோதியது. தடுப்பு காருக்குள் புகுந்தது. கோ-டிரைவர் கேரத் ராபர்ட்ஸ் இறந்தார். வேல்ஸ் நாட்டவர், வயது 24. பிரீனுக்குக் காயமில்லை. குபிட்சாவின் ஸ்கோடாவும் இந்த பெஜோவும் ஒரே எஸ்-2000 வகுப்பு. ராபர்ட்ஸைப் பார்த்து "ஏன் போனான்?" என்று கேட்க முடியுமா? அவருக்கு அதுதான் தொழில். அதற்கு முந்தைய வருடம்தான் பிரீனும் அவரும் சேர்ந்து டபிள்யூ.ஆர்.சி. அகாடமி பட்டம் வென்றிருந்தார்கள். ஒரே நாட்டில், ஒரே வகைக் காரில், ஒன்றரை வருடத்துக்குள் இரண்டு முறை நடந்ததைக் கோடியில் ஒன்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, நண்பரின் கேள்விக்கு வருவோம். ஏன் வளையவில்லை?

சாலையோரத் தடுப்பு என்பது சுவர் இல்லை. அது ஒரு கயிறு. அலை அலையாக மடித்த 3 மி.மீ தடிமன் எஃகுத் தகடு, அதைத் தாங்கத் தூண்கள். கார் பக்கவாட்டில் உரசினால் தூண்கள் சாயும், தகடு பின்னுக்கு வளையும், வளைந்து இழுவிசையில் நிற்கும். இழுத்துக் கட்டிய கொடிக்கயிற்றில் ஆள் மோதினால் எப்படி வாங்கிக்கொண்டு திருப்பி விடுமோ, அப்படிக் காரைச் சாலைக்கே திருப்பி விடும். கயிறு வேலை செய்ய இரண்டு நிபந்தனை உண்டு: இரண்டு முனையிலும் கெட்டியாகக் கட்டியிருக்க வேண்டும், மோதுவது பக்கவாட்டில் இருக்க வேண்டும்.

அதே தகட்டின் முனையில், நீளவாக்கில் மோதினால் கதையே வேறு. அந்தத் தகட்டை விரித்தால் அகலம் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. தடிமன் 3 மி.மீ. அப்படியென்றால் அதன் வெட்டுமுகம் ஏறக்குறைய 14, 15 சதுர சென்டிமீட்டர். ஒரு தீப்பெட்டியின் முகத்தை விடச் சிறியது. ஆட்களோடு சேர்த்துச் சுமார் 1,300 கிலோ எடையுள்ள கார், தன் முழு வேகத்தையும் அந்தத் தீப்பெட்டி அளவு இரும்பு விளிம்பின் மேல் கொண்டுபோய் வைக்கிறது. தகடு எங்கே போகும்? பின்னால் தூண் தூணாகப் பிடித்து நிற்கிறது. அதனால் கார்தான் தகட்டின் மேல் ஏறிச் செருகிக்கொள்ளும். பக்கவாட்டில் காப்பாற்றிய அதே வலுதான் நீளவாக்கில் ஈட்டியாகிறது.

இது ராலிக்காரர்கள் கண்டுபிடித்த ரகசியம் இல்லை. சாலைப் பொறியாளர்களுக்குப் பல காலமாகத் தெரியும். அதனால்தான் நெடுஞ்சாலைகளில் தடுப்பின் முனையை மண்ணுக்குள் இறக்கிப் புதைத்தார்கள். அதில் ஏறிய கார்கள் சாய்தளத்தில் ஏறியது மாதிரி பறந்து கவிழ்ந்தன. பிறகு மோதினால் தகட்டைச் சப்பையாக்கி ஓரமாகச் சுருட்டித் தள்ளும் முனைப் பெட்டிகள் வந்தன. முனை என்பது தனிப் பிரச்சினை, தனியாகச் சோதிக்க வேண்டிய பொருள் என்பது அவர்களுக்குப் பாடம். ஆனால் இந்த நவீன முனைகள் வேகமான பெரிய சாலைகளுக்குத்தான் முதலில் போகும். ஊருக்கு மேலே இருக்கிற மலைச்சாலையில், இரண்டு தோட்டத்துக்கு நடுவில் வாசல் விட வேண்டும் என்று தடுப்பை அறுத்து நிறுத்தியிருப்பார்கள். அங்கே அறுத்த முனை அப்படியே நிற்கும். ராலி நடப்பது அந்த மாதிரிச் சாலையில்தான்.

அடுத்தது கோணம். ஐரோப்பாவில் தடுப்புகளைச் சோதிக்கும் தரம் ஈ.என். 1317. அதில் சாதாரண காருக்கான ஒரு சோதனை: 900 கிலோ கார், மணிக்கு 100 கி.மீ வேகம், 20 டிகிரி கோணம். இன்னொன்று 1,500 கிலோ, 110 கி.மீ, அதிலும் 20 டிகிரிதான். தூக்கக் கலக்கத்தில் மெதுவாகத் தடம் விலகுகிற கார் அந்தக் கோணத்தில்தான் வரும் என்பதால் அது நியாயமான கணக்கு. 100 கி.மீ வேகத்தில் 20 டிகிரியில் மோதினால் தடுப்பை நேருக்கு நேர் தாக்கும் வேகம் வெறும் 34 கி.மீ. ராலி கார் அப்படி வருவதில்லை. கொண்டை ஊசி வளைவில் பின்பக்கத்தைச் சுழற்றிக்கொண்டு வரும், பிரேக் பிடிக்கத் தவறினால் நேராகவே போகும். 90 கி.மீ வேகத்தில் 45 டிகிரி என்று வையுங்கள். தடுப்பைத் தாக்கும் வேகம் 64 கி.மீ. ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கில் ஏறும் என்பதால், தடுப்பு வாங்க வேண்டிய அடி சோதனையில் வாங்கியதைப் போல மூன்றரை மடங்கு. தூண் பிடுங்கிக்கொள்ளலாம், போல்ட் தெறிக்கலாம், தகடுகள் இணைப்பில் பிரியலாம். பிரிந்த இடத்தில் அதுவரை இல்லாத ஒரு முனை பிறக்கும்.

இணைப்பு என்றதும் இன்னொரு விஷயம். எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காரும். எது மேலே வர வேண்டும் என்பதற்கு ஒழுங்கு உண்டு. வண்டி வருகிற திசையில் முதலில் வரும் தகடு, அடுத்த தகட்டின் விளிம்பை மூடியிருக்க வேண்டும். மீன் செதில் மாதிரி. ஒரு பக்கம் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் குத்தும். இத்தாலியில் வண்டிகள் வலப்பக்கம் போகும். வலது ஓரத் தடுப்பின் செதில் போகிற வண்டிக்கு ஏற்றபடி, இடது ஓரத் தடுப்பின் செதில் எதிரே வருகிற வண்டிக்கு ஏற்றபடி. ராலியிலோ சாலை முழுவதும் ஒரே திசைதான், கார் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை எடுத்துக்கொள்ளும். வலது வளைவில் வெளியே தள்ளப்படுகிற கார் இடது ஓரத் தடுப்பைத்தான் சந்திக்கும். அதாவது செதிலுக்கு எதிராக. குபிட்சா விஷயத்தில் இப்படித்தான் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. சாலையை மூடி ராலிக்கு விட்ட அந்த நிமிடத்திலேயே, அந்தச் சாலையின் பாதுகாப்புப் பொருள்களில் பாதி தப்பான திசையைப் பார்த்து நிற்கின்றன என்கிறேன்.

இனி காரின் பக்கம். ராலி காருக்குள் இருக்கும் ரோல் கேஜ் என்ற குழாய்க் கூண்டு மனித உயிரைக் காத்த பெரிய சாதனங்களில் ஒன்று. எஃப்.ஐ.ஏ. விதிப்படி அதன் முக்கிய வளைவுக்குக் குறைந்தது 45 மி.மீ விட்டம், 2.5 மி.மீ தடிமன் உள்ள இணைப்பில்லாத எஃகுக் குழாய் வேண்டும். கார் பத்துக் குட்டிக்கரணம் அடித்து நின்ற பிறகு உள்ளேயிருந்து இருவரும் கையை ஆட்டிக்கொண்டு இறங்குகிற காணொளிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் கூண்டு என்றாலே இடைவெளி. கூரை நசுங்காமல் தாங்கத்தான் அதன் முதல் வடிவமைப்பு. பரந்த பொருள் மோதினால் குழாய்கள் சுமையைப் பங்கு போட்டுக்கொள்ளும். மெலிந்த நீளமான பொருள் குழாய்க்கும் குழாய்க்கும் நடுவில் போய்விடும். அங்கே அதைத் தடுக்க இருப்பது மெல்லிய தகடு, அல்லது கண்ணாடி.

2005-இல் வேல்ஸ் ராலியில் கார் பக்கவாட்டில் மரத்தில் மோதி கோ-டிரைவர் மைக்கேல் பார்க் இறந்த பிறகு, பக்கவாட்டு மோதலில் நிறைய வேலை நடந்தது. கதவுக்கும் இருக்கைக்கும் நடுவில் இடம், அதில் ஆற்றலை உறிஞ்சும் நுரை, நல்ல இருக்கைகள். மரம் என்ற எதிரிக்குப் பதில் கண்டுபிடித்தார்கள். துளைக்கிற பொருளுக்கு அதே அளவு பதில் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. 2023 ஏப்ரல் 13, குரோவேஷியாவில் ராலிக்கு முந்தைய சோதனை ஓட்டம். கார் வழுக்கி வேலியில் மோதியது. வேகம் அதிகமில்லை. வேலிக்கட்டை பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக நுழைந்து ஓட்டுநர் இறந்தார். அவர் கிரெய்க் பிரீன். சிசிலியில் ராபர்ட்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். இந்த முறை கோ-டிரைவருக்குக் காயமில்லை.

இதைப் பற்றி எழுதியவர்களில் பலர் "என்ன ஒரு விதி" என்றுதான் எழுதினார்கள். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. இப்போது கோபமாக வருகிறது.

ஏன் என்று சொல்கிறேன். பந்தயத் தடத்தில் இதே மாதிரி நடந்தபோது என்ன ஆனது பாருங்கள். 1974-இல் அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென் தடத்தில் தடுப்பின் கீழ்த்தகடு சரியான பிடிப்பில்லாமல் விலக, ஹெல்முத் கோய்னிக்கின் கார் மேல்தகட்டுக்கு அடியில் புகுந்தது. அவர் அங்கேயே இறந்தார். 2020 நவம்பரில் பஹ்ரைனில் ரோமேன் குரோஜானின் கார் மூன்றடுக்குத் தடுப்பைப் பிளந்து நுழைந்தது. தலைக்கு மேல் இருந்த ஹேலோ வளையம் அவரைக் காப்பாற்றியது. அடுத்த வருடம் எஃப்.ஐ.ஏ. தன் விசாரணை முடிவை வெளியிட்டது. வேகம் 192 கி.மீ, கோணம் 29 டிகிரி, எந்த அடுக்கு உடைந்தது என்பது வரை அதில் இருந்தது. அங்கே தடுப்பும் விசாரணைக் கூண்டில் ஏறியது. ஏனென்றால் தடத்துக்கு உரிமம் கொடுப்பதும் காருக்கு விதி எழுதுவதும் ஒரே அமைப்பு. காரும் தடுப்பும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

ராலியில் அப்படி இல்லை. கார் எஃப்.ஐ.ஏ. விதிக்கு உட்பட்டது. தடுப்பு சாலைத் துறையுடையது. சாலைத் துறை "நாங்கள் ஊர்க்காரர்களின் காருக்குப் போட்டது, அதற்குச் சரியாகத்தான் இருக்கிறது" என்று சொல்லும். அது உண்மை. விதி எழுதுகிறவர்கள் "எங்கள் கூண்டு எல்லாச் சோதனையிலும் தேறியது" என்று சொல்வார்கள். அதுவும் உண்மை. இரண்டு உண்மைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி வழியாகத்தான் தகடு நுழைகிறது. அந்த இடைவெளிக்குப் பொறுப்பாளர் என்று யாரும் இல்லை.

இங்கே நியாயமான ஒரு எதிர்வாதம் உண்டு. தடுப்பே இல்லாவிட்டால்? 1986 மே 2, கோர்சிகா. ஹென்றி தோய்வோனனும் கோ-டிரைவர் செர்ஜியோ கிரெஸ்டோவும் போன லான்சியா, தடுப்பில்லாத ஒரு இடது வளைவில் சாலையை விட்டுப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. இருவரும் இறந்தார்கள். அதோடு குரூப் பி கார்களுக்கே முடிவு கட்டினார்கள். ஆகவே தடுப்புகளைப் பிடுங்குங்கள் என்று நான் சொன்னால் அது முட்டாள்தனம். மேலும் ராலி ஒரு நாள் நடக்கும். மிச்ச நாளெல்லாம் அந்தத் தடுப்பு பள்ளிக்கூடப் பேருந்தைக் காக்க வேண்டும்.

ஒரு மலைச்சாலையில் இருக்கிற எல்லா முனைகளையும் மூட முடியுமா என்றும் கேட்பார்கள். எல்லாவற்றையும் மூட வேண்டாம். கார் எந்த இடத்தில் சாலையை விட்டு விலகும் என்பது ராலி நடத்துகிறவர்களுக்கு நன்றாகவே தெரியும். பார்வையாளர்கள் எங்கே நிற்கக் கூடாது என்று நாடா கட்டுவது அந்த அறிவை வைத்துத்தான். அதே வரைபடத்தை எடுத்துக்கொண்டு, அந்த இடங்களில் தடுப்பு முனை வருகிறதா, இணைப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது, போல்ட் இருக்கிறதா என்று ஒரு நாள் நடந்து பார்க்கலாம். வைக்கோல் உருளைகளை வைத்து முனையை மறைக்கலாம். உருளை காரை நிறுத்தாது, ஆனால் விளிம்பு நேராகக் குத்தாமல் கோணத்தை மாற்றும். மோசமான இடத்துக்கு முன்னால் உருளைகளை வைத்து வேகத்தைக் குறைக்கலாம். ஸ்டேஜை எந்தத் திசையில் ஓட்டுவது என்று முடிவு செய்யும்போது செதில் எந்தப் பக்கம் என்றும் பார்க்கலாம். ரோண்டே வகை ராலியில் ஒரே ஸ்டேஜைத்தான் நான்கு முறை ஓட்டுவார்கள். பார்க்க வேண்டிய சாலை அவ்வளவுதான். இதில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. நல்ல ராலிகளில் இவற்றில் சில நடக்கவும் செய்கின்றன. ஆனால் அது நடத்துகிறவரின் மனசைப் பொறுத்ததாக இருக்கிற வரை, ஊருக்கு ஊர் மாறும்.

கோ-டிரைவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓட்டத்துக்கு முன் சாலையைப் பார்த்துக் குறிப்பு எழுதுகிறபோது உள்வளைவில் கல் இருந்தால் எழுதுகிறார்கள், மண் கொட்டியிருந்தால் எழுதுகிறார்கள். அவை காரை மெதுவாக்கும் ஆபத்துகள். வெளிவளைவில் முடிகிற தடுப்பு முனை நேரத்தைத் தின்னாது, அதனால் குறிப்பில் இடம் பிடிப்பதும் கஷ்டம். ராபர்ட்ஸும் பார்க்கும் கோ-டிரைவர்கள்தான் என்பதை நினைத்துக்கொள்கிறேன். கையில் ஸ்டியரிங் இல்லாமல், கண்ணைக் குறிப்பில் வைத்து, இன்னொருவரை நம்பி உட்கார்ந்திருக்கிறவர்கள்.

போன வாரம் நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப அது வளையற மாதிரிதான் செஞ்சிருக்காங்க, இவங்கதான் வளையாத பக்கமா போறாங்க" என்றார். இரண்டாயிரம் சொல்லில் நான் சொன்னது அவருக்கு ஒரு வரியில் முடிந்துவிட்டது.

பழைய பதிவை அழிக்கவில்லை. குபிட்சா மீண்டு வந்த கதை பொய் இல்லையே. "கெட்ட நேரம்" என்ற சொல்லை மட்டும் அடித்து, பக்கத்தில் இந்தக் கட்டுரைக்கு வழி காட்டியிருக்கிறேன். இப்போதெல்லாம் காருக்குள்ளிருந்து எடுத்த ராலி காணொளிகளைப் பார்க்கும்போது என் கண் சாலையில் நிற்பதில்லை. ஓரத்தில் தடுப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று எண்ணிக்கொண்டே போகிறது. ஒரே ஒரு ஸ்டேஜ் பார்த்தால் போதும், நீங்களும் எண்ண ஆரம்பித்துவிடுவீர்கள்.